நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை

மாஸ்டரின் ஷூக்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு நர்ஸ் அவள் கையில் கொடுத்தபோது, அவள் முதலில் செய்த காரியம் அவிழ்ந்து கிடந்த லேஸ்களை இழுத்து முடிச்சுப் போட்டதுதான். இரண்டு ஷூவுக்கும் போட்டாள். போட்டு முடித்ததும், முடிச்சு இருந்தால் கால் நுழையாதே என்று தோன்றி மறுபடி அவிழ்த்தாள். அப்போதுதான் அந்தக் கால்கள் திரைக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன, அவற்றுக்கு இனிமேல் ஷூ வேண்டியதில்லை என்பது மண்டையில் ஏறியது.

"உக்காருங்கம்மா" என்றாள் நர்ஸ்.

"இல்ல, பரவாயில்ல" என்றாள் அவள், யாரோ வீட்டில் காபி வேண்டுமா என்று கேட்டதுபோல.

மாஸ்டர் என்றால் வாலிபால் மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். ஊரே மாஸ்டர் என்று கூப்பிட்டதால் கல்யாணமான புதிதில் இவளும் விளையாட்டுக்கு அப்படிக் கூப்பிட ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது. காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்தவர் இல்லை. நேற்றுக் காலையில் மைதானத்தில் விசில் ஊதிக்கொண்டிருந்தவர், விசிலை வாயிலிருந்து எடுத்து, வலைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தார். மத்தியானம் ஸ்கேன், மூளையில் கட்டி. சாயங்காலம் தலையில் சின்னத் துளை போட்டு, தேங்கிய நீரை வடிக்கக் குழாய் வைத்தார்கள். இன்று காலையில் கட்டிக்குள் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். அவ்வளவுதான். அவள் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் ஒரு லென்ஸுக்கு ஆர்டர் போட்டால்கூட வந்து சேர இதைவிட அதிக நாளாகும். முழுசாக ஒரு ஆள் இல்லாமல் போவதற்கு இவ்வளவு நேரம் போதும் என்று அவளால் நம்ப முடியவில்லை. யாரோ எங்கேயோ கணக்குத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் தோன்றிக்கொண்டே இருந்தது.

டாக்டர் வந்தார். சின்ன வயது. படிப்பை முடித்து அதிக காலம் ஆகியிருக்காது. கண்கள் சிவந்திருந்தன. தூக்கமில்லாமல் சிவந்ததா, எங்காவது போய் அழுதுவிட்டு வந்தாரா தெரியவில்லை.

"மூளைக்கு நட்டநடுவுல, பட்டாணியைவிடச் சின்னதா ஒரு சுரப்பி இருக்கும்மா. நமக்குத் தூங்குற நேரம் வந்தாச்சுன்னு உடம்புக்குச் சொல்றதே அதுதான். அந்த இடத்துல கட்டி வர்றது ரொம்ப அபூர்வம். பெரியவங்களுக்கு மூளையில வர்ற எல்லாக் கட்டியையும் சேத்துப் பாத்தாலும், அதுல நூத்துக்கு ஒண்ணுகூட இது கிடையாது. சின்னப் பசங்களுக்காவது கொஞ்சம் கூடுதலா வரும். இந்த வயசுல... நானே புத்தகத்துலதான் பாத்திருக்கேன்."

"மூளையில கட்டியே எல்லாருக்கும் வர்றதில்லையே" என்றாள் அவள்.

"ஆமாம்மா. வர்ற கொஞ்சப் பேருக்குள்ளேயும் இது ரொம்பக் கொஞ்சம்."

"சரி" என்றாள். வாடிக்கையாளர் சொன்ன பவரைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளும்போது சொல்கிற அதே 'சரி'.

மாஸ்டரின் அண்ணன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். டயர் கடை வைத்திருக்கிறவர். எதற்கும் அசையாத ஆள் என்று பெயர். அவர் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டுமே.

"நூத்துல ஒருத்தருக்குக்கூட வராதாம்ப்பா" என்று முதல் ஆளிடம் சொன்னார். அடுத்த போனில் அது ஆயிரத்தில் ஒருவர் ஆயிற்று. அதற்கடுத்து, "லட்சத்துல ஒருத்தனுக்கு வர்ற வியாதி, நம்ம வீட்டுக் கதவைத் தேடி வந்திருக்கு பாரு" என்றார். பள்ளிக்கூடத்திலிருந்து ஆட்கள் வந்து சேர்ந்தபோது கோடியைத் தொட்டிருந்தது. வந்தவர்களில் கணக்கு வாத்தியாரும் இருந்தார். அவரும் அந்தக் கோடியைக் கேட்டுவிட்டு, "என்னத்தைச் சொல்ல" என்று தலையைத்தான் ஆட்டினார். டாக்டர் சொன்னது ஆட்களின் கணக்கு அல்ல, கட்டிகளின் கணக்கு; மூளையில் வரும் கட்டிகளில் இது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை என்று. அதை யாரும் திருத்தவில்லை. எண் பெரிதாகப் பெரிதாக எல்லார் முகத்திலும் கொஞ்சம் தெளிவு வந்ததை அவள் பார்த்தாள். இவ்வளவு அபூர்வமானதை யார்தான் கண்டுபிடித்திருக்க முடியும்? யார் மேலும் குற்றமில்லை. வானத்திலிருந்து கல் விழுந்த மாதிரி.

அவளுக்கு அந்தப் பேச்சைக் கேட்கக் கேட்க எரிச்சல் பொங்கியது. எத்தனை பேருக்கு வருகிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். எப்போது வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவள் அவள்தான். வாய் வரவில்லை.

கோடு போடாத கண்ணாடியை மாஸ்டருக்குப் போட்டு நாலைந்து மாதம் இருக்கும். மேல் பாதி தூரத்துக்கு, கீழே படிக்க, நடுவில் இரண்டுக்கும் பாலம். நாற்பதைத் தாண்டியவர்கள் எல்லாரும் ஒருநாள் அவள் கடைக்கு வந்து இதை வாங்கித்தான் ஆக வேண்டும். முதல்முறை போடுகிறவர்கள் திரும்பி வந்து சண்டை போடாமல் இருந்ததே இல்லை. படிக்கட்டு ஆடுகிறது, பக்கத்தில் வருகிற ஆள் வளைந்து தெரிகிறார், தலை சுற்றுகிறது. அவள் எல்லாருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தாள். "பழகிடும் சார். கண்ணை உருட்டாதீங்க. எதைப் பாக்கணுமோ அந்தப் பக்கம் மூக்கைத் திருப்புங்க. தலைதான் நகரணும், கண்ணு நகரக் கூடாது."

அளவெடுத்து, ஃபிரேமில் லென்ஸைப் பொருத்தி, மூக்குத் தாங்கியைச் சரிசெய்து கொடுப்பதில் அவளை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் கிடையாது. அந்தக் கர்வமும் அவளுக்கு உண்டு. அதனால் மாஸ்டர் வந்து, "உன் கண்ணாடி சரியில்லடி, மேல பாக்க முடியல" என்றபோது அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"உங்களுக்கு மட்டும் என் கண்ணாடி சரியா வராது. பந்து பட்டு ஃபிரேமை வளைச்சு வெச்சிருப்பீங்க. கொண்டாங்க."

பார்த்தால் கொஞ்சம் வளைந்துதான் இருந்தது. நிமிர்த்தினாள். மூக்குத் தாங்கியை ஏற்றிவிட்டாள். மறுபடி வந்து அதையே சொன்னார். லென்ஸையே மாற்றினாள். மறுபடி. "தலையத் தூக்கிப் பாருங்க மாஸ்டர், கண்ணைத் தூக்காதீங்க. பழகிடும்." அவர் நல்ல மாணவர். பழகிக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கக் கழுத்தைப் பின்னால் சாய்த்தார். பல்பு மாற்றும்போது உடம்பையே வளைத்தார். மேலிருந்து இறங்கும் பந்தைப் பார்க்கத் தாடையை நீட்டிக்கொண்டு நின்றார். பையன்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள்.

அந்தக் கண்ணாடியில் படி தெரியாமல் போகும், பக்கம் தெரியாமல் போகும். மேலே பார்ப்பதில் தொல்லை வராது. இத்தனை வருஷத்தில் ஒரு வாடிக்கையாளர்கூட மேலே பார்க்க முடியவில்லை என்று சொன்னதில்லை. இவர் ஒருவர்தான் சொன்னார். நேற்று டாக்டர் பேனாவை அவர் மூக்குக்கு எதிரே பிடித்து, "தலைய ஆட்டாம, இதையே பாருங்க சார்" என்று மெல்ல உயர்த்தினார். பேனா ஏறியது. மாஸ்டரின் கண்கள் நேரே வந்து அங்கேயே நின்றன. நெற்றி சுருங்கியது, புருவம் ஏறியது, கண்மணி மட்டும் ஏறவில்லை. அவரிடம் கண்ணாடி இல்லை. மைதானத்திலேயே கழற்றிவிட்டிருந்தார்கள்.

குறை கண்ணாடியில் இல்லை, தலைக்குள் இருந்தது என்று அவளுக்குப் புரிந்தது அப்போதுதான்.

டாக்டர் மறுபடி வந்தார். இந்த முறை கை இரண்டையும் கோர்த்துக்கொண்டு, நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் நின்றார்.

"இதைக் கேக்கவே கஷ்டமா இருக்கும்மா. ஸ்கேன்ல கட்டி இருக்குன்னு தெரியுது, எந்த மாதிரிக் கட்டின்னு தெரியாது. அதுல ஒரு துணுக்கு எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். சில கட்டி வருஷக் கணக்கா மெதுவா வளரும். சிலது வேகமா வரும், ஒண்ணு ரெண்டு மாசத்துலயே. இது எவ்வளவு நாளா இருந்துச்சுன்னு ஓரளவு சொல்லலாம். இவ்வளவு அபூர்வமா வர்றதால, ஒவ்வொண்ணும் எங்களுக்கு முக்கியம். அடுத்து வர்ற ஆளுக்கு உதவும். ஆனா அதுக்கு..." குரல் இறங்கியது. "தலையைத் திறக்கணும். வெளிய தெரியாம தைச்சிடுவாங்க. நீங்க சம்மதிச்சாத்தான்."

மாஸ்டரின் அண்ணன், அந்தப் பெரியவர், போனைக் காதிலிருந்து எடுத்தார்.

"என்ன டாக்டர் பேசுறீங்க? உசிரோட இருக்கும்போதும் துளை போட்டீங்க, செத்தப்புறமும் அறுக்கணுமா? அபூர்வமா வந்துச்சுன்னா அவன் என்ன கண்காட்சியில வெக்கிற பொருளா? வீட்டுல ஜனம் காத்துக்கிட்டிருக்கு. வண்டி வந்து நிக்குது."

"வேண்டாம் டாக்டர்" என்றாள் அவளும், அவர் முடிக்கும் முன்பே. இவ்வளவு வேகமாக அவளுக்கு அன்றைக்கு வேறெந்த வார்த்தையும் வரவில்லை.

டாக்டர் தலையசைத்தார். "வற்புறுத்தலம்மா. மனசு மாறினா, நான் கீழேதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியவர் அவளைப் பார்த்து, "நல்ல வேளை, நீயாவது தெளிவா இருக்கே" என்றார். அவள் தெளிவாக இல்லை. பயந்துபோயிருந்தாள். வருஷக் கணக்கில் மெல்ல வளர்ந்த கட்டி என்று ஒரு காகிதம் வந்துவிட்டால், அந்த நாலைந்து மாதமும் அது அங்கேதான் இருந்தது. அவள் மூக்குத் தாங்கியைத் திருகிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அது உள்ளே உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று சொன்னதில் அவளுக்கு வந்த நிம்மதி அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

மகள் வந்தாள். பள்ளி இறுதி வகுப்பு. ராத்திரி முழுக்க இங்கேயே கிடந்தவளைக் குளித்துவிட்டு வரச் சொல்லிக் காலையில் பெரியம்மாவுடன் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். போகும்போது அப்பாவுக்கு மூச்சு இருந்தது. வழியில்தான் சொல்லியிருக்கிறார்கள். ஒரு துணிப்பையில் அவருடைய துண்டும், மாற்றுச் சட்டையும், பல் தேய்க்கும் பிரஷ்ஷும் இருந்தன. பெரியம்மா எவ்வளவு சொல்லியும் பையைக் கீழே வைக்க மாட்டேனென்று இடுக்கிக்கொண்டே வந்தாள்.

அழவில்லை. நேரே வந்து கேட்டாள்.

"எப்பலேர்ந்தும்மா இருந்துச்சாம்?"

பெரியவர்தான் பதில் சொன்னார். "அது யாருக்குடா தெரியும்? கோடியில ஒருத்தருக்கு வர்றதாம். அதைத் தெரிஞ்சு என்ன பண்ணப் போறோம்?"

"எனக்குத் தெரியணும் பெரியப்பா."

"சும்மா இருடா கண்ணு."

மகள் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, நான் அப்பா மாதிரி தலையத் தூக்கி நடந்து காட்டுவேன்ல. டீம்ல எல்லாருக்கும் காட்டினேன். வீடியோ எடுத்து குரூப்ல போட்டேன். 'மாமன்னர் வருகிறார்'னு. அப்பாவும் பாத்தாரு. பாத்துட்டுச் சிரிச்சாரு. அப்பவே அது இருந்துச்சாம்மா?"

 வீட்டிலும் மகள் அப்படி நடந்து காட்டியிருக்கிறாள். மாஸ்டர் ஒரு நாற்காலியில் ஏறி நின்று, "மக்களே, வரி கட்டினீங்களா?" என்று கேட்க, மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். சிரித்ததில் அவள்தான் அதிகம் சிரித்தாள்.

"சொல்லும்மா."

"தெரியலடா" என்றாள். பொய் இல்லை. ஆனாலும் பொய் சொன்னது மாதிரி இருந்தது. பெரியம்மா மகளைத் தோளோடு அணைத்துத் திரைக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போனார். துணிப்பையும் கூடவே போயிற்று.

 அவள் படியிறங்கிக் கீழே, சீட்டு எழுதும் கூடத்துக்கு வந்தாள். வெளிநோயாளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரோ இருமினார்கள், ஒரு குழந்தை பிஸ்கட்டைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தது. எல்லாம் அப்படியப்படியே இருந்தன. ஒன்றுமே நடக்கவில்லை என்பதுபோல. இவர்களுக்கெல்லாம் எழுந்து நின்று சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று ஒரு கணம் வெறி வந்தது.

"கண்ணாடிக்காரம்மா!"

அவளுடைய வாடிக்கையாளர் ஒருவர். தையல்காரர். சர்க்கரை பார்க்க வந்திருந்தார். போன வாரம்தான் கோடு போடாத கண்ணாடியை வாங்கிப் போனவர். தேடிப் போக வேண்டியவரை வழியிலேயே பிடித்துவிட்ட சந்தோஷத்தில் எழுந்து வந்தார்.

"உங்க கடைக்கே வரலாம்னு இருந்தேன். இது நமக்கு ஒத்துவரலீங்க. படி இறங்கறப்ப கால் எங்க வெக்கிறேன்னே தெரியல. ஊசி கோக்குறது பரவாயில்ல, படிதான். பழகிடும்னீங்க. எப்பத்தான் பழகும்?"

அவளுடைய வலது கை தானாக நீண்டு அவர் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றியது. ஃபிரேமை விரலில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். வளைவு இல்லை. பொருத்தம் சுத்தமாக இருந்தது. அவள் செய்ததாயிற்றே. அப்புறம் அதைத் திருப்பிக் கொடுக்காமல் இடது கையில் வைத்துக்கொண்டாள்.

"தலைய ஆட்டாதீங்க."

"என்னது?"

"தலைய நேரா வெச்சுக்கிட்டு, கண்ணை மட்டும் தூக்கி மேல பாருங்க."

"மேல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. பாருங்க."

தையல்காரர் பார்த்தார். கண்மணிகள் இரண்டும் தடையில்லாமல் மேலேறி இமைக்குள் பாதி மறைந்தன. கீழே வெள்ளை தெரிந்தது. எவ்வளவு சுலபமாக ஏறிவிட்டன. ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. அவ்வளவுதான் வேலை. கண்ணாடியைக் கழற்றி, மேலே பாருங்கள் என்று ஒரு வார்த்தை. இதற்கு டாக்டராக இருக்க வேண்டாம். ஸ்கேன் வேண்டாம். கோடியில் ஒருவருக்கு வருகிறதா, நூற்றில் ஒருவருக்கு வருகிறதா என்பதுகூடத் தெரிந்திருக்க வேண்டாம்.

"இறக்கலாமாம்மா? கண்ணு வலிக்குது."

"இறக்குங்க. உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"அப்ப கண்ணாடிதான் தப்பா?"

அவள் கண்ணாடியை நீட்டினாள். தையல்காரர் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டபிறகுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தார் போலிருக்கிறது.

"நீங்க யாரைப் பாக்க வந்தீங்க? மாஸ்டர் சௌக்கியந்தானே?"

"மாஸ்டர் செத்துட்டாரு" என்றாள்.

அவள் அதைச் சொன்னது அதுவே முதல்முறை. காலையிலிருந்து எல்லாரும் அவளிடம் சொன்னார்கள். அவள் யாரிடமும் சொல்லவில்லை. தன் குரலில் அதைக் கேட்டதும் பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். தையல்காரர் இரண்டு கையாலும் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். அவள் அழுதாள். வாயை மூடிக்கொள்ளாமல், யார் பார்க்கிறார்கள் என்று பார்க்காமல், பிஸ்கட் குழந்தை பயந்து தாயிடம் ஓடும் அளவுக்கு அழுதாள். தையல்காரர் என்ன செய்வதென்று தெரியாமல், தன் சட்டைப் பையில் இருந்த லென்ஸ் துடைக்கும் துணியை எடுத்து நீட்டினார்.

மேலே வந்தபோது மகள் கட்டிலோரம் நின்று, அப்பாவின் சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டை மறைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். பெரியம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவள் மகளுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"நீ நடிச்சுக் காட்டுனியே, அந்தத் தலையத் தூக்குறது. அது அப்பாவா பண்ணல. நான்தான் அப்படிப் பாக்கச் சொன்னேன். மேல பாக்க முடியலன்னு என்கிட்ட மூணு நாலு தடவை சொன்னாரு. கண்ணாடிக்குத் தலையத் தூக்கணும், பழகிடும்னு நான்தான் பழக்கிவிட்டேன். நீ பாத்தது நான் சொல்லிக்குடுத்ததைத்தான். உன் மேல தப்பு ஒண்ணும் இல்ல."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. அந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாக அவளுக்குள் இறங்குவது தெரிந்தது. 

"டாக்டர் அறுத்துப் பாக்கட்டுமான்னு கேட்டாங்களாமே. பெரியம்மா சொன்னாங்க."

"ஆமாம்."

"வேணாம்மா."

"இப்பத்தானே தெரியணும்னே?"

"இப்ப வேணாம்."

"ஏன்?"

"வேணாம்னா வேணாம்மா. விட்ரு."

பதினேழு வயதில் இவ்வளவு சீக்கிரமாக மகள் தன்னைக் காக்கக் குடை பிடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாளே என்று அவளுக்குத் தோன்றியது. மகள் தலையில் கை வைத்தாள். அப்புறம் வெளியே வந்து, கீழே போய், டாக்டரைத் தேடிப்பிடித்துச் சொன்னாள்.

"பாத்துடுங்க டாக்டர்."

"நல்லா யோசிச்சீங்களாம்மா? அவர் அண்ணன்..."

"அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். பாத்துட்டு, எப்பலேர்ந்து இருந்துச்சுன்னு என்கிட்டச் சொல்லணும். பூசி மெழுகாம."

"ரிசல்ட் வரச் சில வாரம் ஆகும். சில சமயம் தெளிவாச் சொல்ல முடியாமக்கூடப் போகலாம்மா."

"அதையும் சொல்லுங்க."

பெரியவர் வெடித்தார். அவர் சத்தத்துக்கு வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "உனக்குப் புத்தி கலங்கிப் போச்சா? நீதானே வேணாம்னே? அவன் உடம்புல கை வெக்க நான் விடமாட்டேன். என் தம்பி அவன்."

"என் புருஷன், மாமா."

"தெரிஞ்சு என்னம்மா ஆகப்போகுது? எந்திரிச்சு வந்துடுவானா?"

"வரமாட்டாரு. வேகமா வந்த கட்டின்னு சொன்னா நான் தூங்குவேன். பழைய கட்டின்னு சொன்னா தூங்கமாட்டேன். ஒண்ணும் தெரியலன்னா தினம் ரெண்டையும் நெனச்சே நான் செத்துப்போயிடுவேன். எனக்குத் தெரியணும்."

"ஏன், அப்படி என்ன நீ கொலையா பண்ணிட்டே?"

அவள் சொன்னாள். கண்ணாடியை, மூக்குத் தாங்கியை, மாற்றிய லென்ஸை, தலையைத் தூக்கச் சொன்னதை. டயர் கடைக்காரர் கேட்டுக்கொண்டே வந்தவர், பாதியில் ஜன்னலுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் முடித்த பிறகும் அப்படியே நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர் போனை எடுத்து வண்டி டிரைவரைக் கூப்பிட்டு, "கொஞ்சம் லேட்டாகும்ப்பா. நீ போய்ச் சாப்பிட்டு வா" என்றார்.

மத்தியானம் இரண்டு ஊழியர்கள் தள்ளுகட்டிலோடு வந்தார்கள். மாஸ்டரைத் தூக்கி அதில் வைத்து வெள்ளைத் துணியைப் போர்த்தினார்கள். உயரமானவர், கட்டில் போதாமல் பாதங்கள் கொஞ்சம் வெளியே நின்றன. அவள் எழுந்திருக்கும் முன்பே பெரியவர் போய்க் கட்டிலின் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நாங்க தள்ளிக்கிறோம்."

"தள்ளுங்க. நான் கூட வரேன்."

நீண்ட தாழ்வாரம். தரை ஓரிடத்தில் பெயர்ந்திருந்தது. "மெல்ல, மெல்ல, குலுங்குது பாருப்பா" என்றார் பெரியவர். திருப்பத்தில் துணி நழுவியபோது அவரே குனிந்து தம்பியின் பாதங்களை மூடினார். அவளும் மகளும் பின்னால் நடந்தார்கள். மகள் துணிப்பையை இன்னும் விடவில்லை.

கடைசியில் ஒரு இரட்டைக் கதவு இருந்தது. "இது வரைக்கும்தான் சார்" என்றார் ஊழியர். பெரியவரின் கை கம்பியிலிருந்து எடுபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கட்டில் உள்ளே போனது. கதவு முன்னும் பின்னும் ஆடி நின்றது.

கதவுக்கு எதிரே சுவரோரம் ஒரு பெஞ்ச். அவளும் மகளும் உட்கார்ந்தார்கள். பெரியவர் உட்காரவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டே நின்றார். உள்ளே யாரோ குழாயைத் திறந்து மூடிய சத்தம் கேட்டது.

"போன மாசம் கடைக்கு வந்தான்" என்றார், திரும்பாமலே. "மேல்தட்டுல இருந்த டயரைக் காட்டி, அதை எடுத்துப் போடுடான்னேன். எதுண்ணேன்னான். அதோ அதுதான்டான்னேன். பின்னாடி சாயறான், சாயறான், விழுற மாதிரி சாயறான். எதுண்ணேன்னு மறுபடி கேக்குறான்."

மகள் நிமிர்ந்து பெரியப்பாவைப் பார்த்தாள்.

"குடிச்சிருக்கியாடான்னு கேட்டேன்மா. வேலைக்காரப் பசங்க எல்லாம் நிக்கிறாங்க. அவங்க முன்னாடி வெச்சு. அவன் வாழ்க்கையில தொட்டதில்ல. எனக்கே தெரியும்." சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். "ஒண்ணும் சொல்லல. சிரிச்சுக்கிட்டே போயிட்டான்."

எதற்கும் அசையாத மனிதரின் முதுகு அசைந்துகொண்டிருந்தது. அவள் எழுந்துபோய் அவர் முழங்கையைத் தொட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரை அவள் தொட்டது கிடையாது.

"உக்காருங்க மாமா. நேரமாகும்னு சொன்னாங்க."

அது இரண்டு பேருக்கான பெஞ்ச். மகள் துணிப்பையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கமாக நகர்ந்து இடம் விட்டாள்.